பக்கம் திறக்காமல் திரும்பிப் போனவர்களை யார் எண்ணுவது?

அரசு இணையதளங்களின் அடியில் 'பார்வையாளர்கள்' என்று ஒரு எண் ஓடிக்கொண்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்த எண் ஏறினால் சேவை மக்களிடம் போய்ச் சேர்ந்துவிட்டது என்று கணக்கு. ஜவ்வாது மலை மாதிரி இடங்களுக்கு இந்தக் கணக்கு உதவாது. உதவக்கூடிய கணக்கு அதே சர்வரில், பெரும்பாலும் யாரும் திறந்து பார்க்காத ஒரு ஃபைலில் கிடக்கிறது.

அதுக்குப் பேர் சர்வர் லாக். எந்த போனிலிருந்து ஒரு பக்கத்தைக் கேட்டாலும் சர்வர் ஒரு வரி எழுதி வைக்கும்: ஐ.பி. முகவரி, நேரம், கேட்ட பக்கம், கிடைத்த பதிலின் எண், அனுப்பிய பைட்டுகள், பிரவுசர். லட்சக்கணக்கான வரிகளை யார் படிப்பது? அதற்காகத்தான் 1995-ல் அனலாக், 1997-ல் வெப்அலைசர், 2000 வாக்கில் ஏ.டபிள்யூ.ஸ்டாட்ஸ் என்று மென்பொருள்கள் வந்தன. இன்று கோஆக்சஸ் இருக்கிறது. எல்லாமே இலவசம்.

அர்ச்சின் நிறுவனத்தை வாங்கிய கூகுள், அதே 2005-ல் அனலிட்டிக்ஸை இலவசமாகக் கொடுத்ததும் பலரும் அந்தப் பக்கம் சாய்ந்தார்கள். அது வேறு வழியில் எண்ணுகிறது. பக்கத்துக்குள் ஒரு ஸ்கிரிப்ட் இருக்கும். அது போனில் இறங்கி, ஓடி, தகவல் அனுப்பினால்தான் நீங்கள் 'வந்தவர்'. வேகமான நெட்வொர்க்கில் பிரச்சினை இல்லை. ஜமுனாமரத்தூருக்கு அப்பால் ஒரு மலைக் கிராமத்தில், ஒற்றைக் கோடு சிக்னலில், ஒரு மாணவி கல்வி உதவித்தொகைப் பக்கத்தைத் திறக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வட்டம் சுத்திக்கிட்டே இருக்கு. மூடிவிடுகிறார். ஸ்கிரிப்ட் இறங்கவே இல்லை. அனலிட்டிக்ஸைப் பொறுத்தவரை அவர் வரவே இல்லை!

சர்வர் லாக்கில் அவர் இருக்கிறார். பல தளங்களை இயக்கும் என்ஜின்எக்ஸ் மென்பொருள், பதில் போவதற்கு முன்பே பயனர் இணைப்பைத் துண்டித்தால் 499 என்று குறித்து வைக்கும். பாதி இறங்கி நின்றுபோனால், அனுப்பிய பைட்டுகள் குறைவாகப் பதிவாகும். அலுவலகத்துக்குத் தேவையான தகவல் இதுதான். எத்தனை பேர் வந்தார்கள் என்பதைவிட, எந்தப் பக்கத்தில் எத்தனை பேர் வெறுத்துப்போய் விலகினார்கள் என்பது முக்கியம்.

லாக் எல்லாத்தையும் சொல்லிடாது. மொபைல் நெட்வொர்க்கில் பல போன்கள் ஒரே ஐ.பி. முகவரிக்குப் பின்னால் இருக்கும். அதனால் 'எத்தனை பேர்' என்ற எண்ணை நம்ப முடியாது. கோரிக்கை ஜவ்வாது மலையிலிருந்து வந்ததா, சென்னையிலிருந்தா என்பதும் உறுதியாகத் தெரியாது. வரும் கோரிக்கைகளில் கணிசமானவை தானியங்கி பாட்கள். சிக்னலே இல்லாத ஊர் லாக்கிலும் இருக்காது. ஆனால் எந்தப் பக்கம் கனமாக இருக்கிறது, எது அடிக்கடி பாதியில் அறுந்துபோகிறது என்பதை அறிய ஊர்ப் பெயர் தேவையில்லை.

இதே மலையில் காவலூரில் வைணு பாப்பு வானியல் ஆய்வகம் இருக்கிறது. 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் ஒரு நட்சத்திரத்தை மறைக்கும் தருணத்துக்காகப் பல இடங்களில் காத்திருந்தார்கள். கோள் நெருங்கும் முன்பே நட்சத்திர ஒளி சில நொடி மங்கியது. காவலூரிலும் அப்படியொரு மங்கல் பதிவானது. யாரும் எதிர்பார்க்காத அந்த மங்கல்களிலிருந்துதான் யுரேனஸின் வளையங்கள் தெரிய வந்தன. 499-ம் அந்த வகைதான். பிழை என்று ஒதுக்கினால் குப்பை, படித்தால் செய்தி.

புதிதாக எதையும் வாங்க வேண்டியதில்லை. அரசு அமைப்புகள் உட்பட எல்லாரும் லாக்குகளை 180 நாள் இந்தியாவுக்குள் பாதுகாக்க வேண்டும் என்று செர்ட்-இன் 2022 ஏப்ரலில் உத்தரவிட்டது. அதன்படி ஃபைல் கையில் இருக்க வேண்டும். ஐ.பி. முகவரி தனிப்பட்ட விவரம் என்பதால், அதை நீக்கிவிட்டு, பக்கவாரியாகக் கைவிடப்பட்ட கோரிக்கைகளை மாதம் ஒருமுறை வெளியிடலாம். லாக் அறிக்கைப் பக்கத்தைக் கடவுச்சொல் இல்லாமல் திறந்து போடக் கூடாது, 2005-ல் ஏ.டபிள்யூ.ஸ்டாட்ஸில் இருந்த ஓட்டை வழியாகத் தாக்குதல்காரர்கள் சர்வருக்குள்ளேயே புகுந்தார்கள்.

பட்டியலின் உச்சியில் சாதிச் சான்றிதழ் விண்ணப்பப் பக்கம் வந்தால், அதன் தலையில் ஓடும் பெரிய பேனர் படங்களை மறுநாளே எடுத்துவிடலாம்.