தோற்றது அணியா, நமது கணிப்பா?

மாணவ நண்பர்களே, கால்பந்து என்றதும் உங்கள் மனக்கண் முன் ஓர் உருண்டைப் பந்து தோன்றும். ஆனால் அமெரிக்கர்கள் 'ஃபுட்பால்' என்று சொல்லும் ஆட்டம் வேறு. அதில் பந்தைப் பெரும்பாலும் கையால்தான் எறிகிறார்கள். மார்போடு அணைத்துக்கொண்டுதான் ஓடுகிறார்கள். பந்தும் உருண்டை அல்ல. இரு முனைகளும் கூர்ந்த நீள்வடிவம்; ஏறத்தாழ 28 செ.மீ. நீளம், சுமார் 400 கிராம் எடை. இந்த வடிவத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு அது நமக்குத் தேவைப்படும்.

இந்த ஆட்டத்தின் முதன்மையான தொழில்முறைப் போட்டிகளை நேஷனல் ஃபுட்பால் லீக் நடத்துகிறது. அதில் 32 அணிகள். 2021ஆம் ஆண்டு முதல் ஒவ்வோர் அணியும் ஒரு பருவத்தில் 17 ஆட்டங்கள் ஆடி வருகிறது. மினியாபொலிஸ் நகரின் மின்னசோட்டா வைக்கிங்ஸ் அவற்றுள் ஒன்று. 2022ஆம் ஆண்டுப் பருவத்தில் இந்த அணி 13 ஆட்டங்களில் வென்று, 4 ஆட்டங்களில் மட்டுமே தோற்றது. அடுத்த பருவம் இன்னும் சிறப்பாக இருக்கும் என்று ரசிகர்கள் நம்பினார்கள். நடந்தது என்ன? 2023இல் 7 வெற்றி, 10 தோல்வி!

பயிற்றுநர் அதே கெவின் ஓ'கானல்தான். அப்படியிருக்க, பதின்மூன்று முறை வென்ற அணி ஒரே ஆண்டில் எப்படிச் சரிந்தது? தவறு செய்தவர் யார்? இப்படிக் கேட்பது மனித இயல்பு. ஆனால் இந்தக் கேள்வியே தவறானது என்பது என் கருத்து. ஏன் என்று சொல்கிறேன்.

வெற்றிக் கணக்கும் புள்ளிக் கணக்கும்

முதலில் ஆட்டத்தில் புள்ளிகள் கிடைக்கும் விதத்தைத் தெரிந்துகொள்வோம். எதிரணியின் எல்லைக்கோட்டைக் கடந்து பந்தைக் கொண்டு சேர்த்தால் 6 புள்ளிகள். இதற்கு 'டச்டவுன்' என்று பெயர். அதன்பின் ஒரு சிறு வாய்ப்புத் தருவார்கள். அதில் 1 அல்லது 2 புள்ளிகள் கூடுதலாகப் பெறலாம். பந்தை உதைத்துக் கம்பங்களுக்கு நடுவே செலுத்தினால் 3 புள்ளிகள். ஆக, ஒரே தாக்குதலில் அதிக அளவாக 8 புள்ளிகள் கிடைக்கும். எனவே 8 புள்ளிகள் வரை வித்தியாசத்தில் முடியும் ஆட்டத்தை 'நெருக்கமான ஆட்டம்' என்று வைத்துக்கொள்வோம். ஒரே ஒரு தாக்குதல் மாறியிருந்தால் முடிவும் மாறியிருக்கக்கூடிய ஆட்டம் அது.

இப்போது வெற்றி தோல்வியை மறந்துவிட்டு, பருவம் முழுவதும் அணி எடுத்த புள்ளிகளையும் எதிரணிகளுக்குக் கொடுத்த புள்ளிகளையும் பாருங்கள்.

2022: எடுத்தது 424, கொடுத்தது 427, வித்தியாசம் –3.
2023: எடுத்தது 344, கொடுத்தது 362, வித்தியாசம் –18.

விந்தையாக இல்லையா? பதின்மூன்று வெற்றி பெற்ற அணி, எடுத்ததைவிட அதிகமாகக் கொடுத்திருக்கிறது! மேலும், இரண்டு ஆண்டுகளுக்கும் உள்ள வேறுபாடு வெறும் 15 புள்ளிகள். அதை 17 ஆட்டங்களுக்கு வகுத்தால் ஆட்டத்துக்கு ஒரு புள்ளிகூட இல்லை. வெற்றியோ 13இலிருந்து 7ஆகக் குறைந்துவிட்டது.

இது எப்படி நேர்ந்தது? 2022இல் வைக்கிங்ஸ் 11 நெருக்கமான ஆட்டங்களில் ஆடியது, பதினொன்றிலும் வென்றது. தோற்ற நான்கு ஆட்டங்களிலோ படுதோல்வி. அவற்றுள் ஒன்று 3–40! சிறு வித்தியாசத்தில் வென்று, பெரு வித்தியாசத்தில் தோற்றது. 2023இல் நெருக்கமான ஆட்டங்கள் 14. அவற்றில் 6 வெற்றி, 8 தோல்வி. அதாவது ஏறக்குறையப் பாதிக்குப் பாதி.

பந்து செய்த வேலை

நெருக்கமான ஆட்டங்கள் எப்படி முடிவாகின்றன என்பதற்கு இரண்டு காட்சிகளைக் காட்டுகிறேன்.

2022 நவம்பர் 13. எதிரணி பஃபலோ பில்ஸ். ஒரு நிமிடத்துக்கும் குறைவான நேரமே மீதி. பில்ஸ் 27, வைக்கிங்ஸ் 23. பந்தும் பில்ஸ் வசமே இருக்கிறது, ஆனால் அவர்களது எல்லைக்கோட்டின் விளிம்பில். பந்தைக் கெட்டியாகப் பிடித்துச் சற்று முன்னே நகர்ந்து நேரத்தைக் கடத்தினால் வெற்றி ஏறக்குறைய உறுதி. ஆனால் நடு ஆட்டக்காரர் பின்னால் கொடுத்த பந்து ஜாஷ் ஆலனின் கையில் நிற்காமல் கீழே விழுந்தது. வைக்கிங்ஸ் வீரர் எரிக் கென்ட்ரிக்ஸ் எல்லைக்கோட்டுக்கு அப்பால் அதன்மேல் பாய்ந்து படுத்துவிட்டார். டச்டவுன்! பில்ஸ் மீண்டும் சமன் செய்தபோதிலும், கூடுதல் நேரத்தில் வைக்கிங்ஸ் 33–30 என வென்றது.

2023 செப்டம்பர் 14. எதிரணி ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸ். முதல் பாதி முடியும் தறுவாய். வைக்கிங்ஸ் அணியின் தலைசிறந்த வீரர் ஜஸ்டின் ஜெஃபர்சன் பந்துடன் பாய்ந்து எல்லைக்கோட்டை நோக்கிக் கையை நீட்டுகிறார். பந்து நழுவுகிறது; கோட்டுக்கு அப்பால் உருண்டு மைதானத்தைவிட்டு வெளியே போகிறது. விதிப்படி பந்து ஈகிள்ஸ் அணிக்குச் சொந்தம். அன்று வைக்கிங்ஸ் இப்படி நான்கு முறை பந்தை நழுவவிட்டு இழந்தது. முடிவு 28–34. வித்தியாசம் 6, சரியாக ஒரு டச்டவுன்.

பந்தை நழுவவிடுவது ஓரளவு வீரரின் பிழைதான். ஆனால் நழுவிய பந்து எங்கே போகும்? இங்கேதான் அதன் வடிவம் வருகிறது. உருண்டைப் பந்து தரையில் மோதும்போது, தரை அதை மேல்நோக்கித் தள்ளும் எதிர்விசை பந்தின் மையத்தின் வழியே செல்கிறது. நீள்வடிவப் பந்தில் அவ்விசை பெரும்பாலும் மையத்தைவிட்டு விலகிச் செல்கிறது. அதனால் ஒரு திருப்புத்திறன் உண்டாகிப் பந்து சுழல்கிறது. தரையைத் தொடும் கோணம் சிறிதளவு மாறினாலும் அது தாவும் திசை பெரிதும் மாறிவிடும். நியூட்டன் விதிகளை அந்தப் பந்து மீறவில்லை. ஆனால் மைதானத்தில் ஓடிக்கொண்டிருப்பவர் எவரும் அந்தக் கோணத்தை அளந்து கணக்கிட முடியாது. ஆகவே விழுந்த பந்து யார் கைக்குப் போகும் என்பது ஏறத்தாழப் பூவா தலையா போடுவதைப் போன்றதே.

நீங்களே செய்து பாருங்கள்

ஒரு சோதனை. உங்கள் வகுப்பில் 40 பேர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒவ்வொருவரும் ஒரு நாணயத்தை 17 முறை சுண்டுங்கள். தலை விழுந்தால் வெற்றி, பூ விழுந்தால் தோல்வி. மூன்றில் இரண்டு பங்கினருக்கு வெற்றி 7 முதல் 10க்குள் இருக்கும். 13 அல்லது அதற்கு மேல் கிடைப்பதற்கான நிகழ்தகவு சுமார் நாற்பதில் ஒன்று. ஆகவே உங்கள் வகுப்பில் ஏதோ ஒருவருக்கு அது வாய்த்தால் வியப்பில்லை. அவரைப் பாராட்டிக் கைதட்டுங்கள். பிறகு மீண்டும் 17 முறை சுண்டச் சொல்லுங்கள். பெரும்பாலும் 7 முதல் 10க்குள்தான் வரும். "ஏனப்பா இப்படிச் சீரழிந்துவிட்டாய்?" என்று அவரைக் கேட்பீர்களா?

"வைக்கிங்ஸ் வீரர்கள் நாணயங்கள் அல்லவே, நெருக்கடியில் வெல்வது ஒரு திறமையாயிற்றே" என்று நீங்கள் மறுக்கலாம். நல்ல மறுப்பு. அப்படி ஒரு திறமை இருந்திருந்தால் அது தொடர்ந்திருக்க வேண்டும் அல்லவா? 2023 ஜனவரி 15 அன்று, வெற்றியாளரைத் தீர்மானிக்கும் அடுத்த சுற்றில், சொந்த மைதானத்தில், நியூயார்க் ஜயண்ட்ஸ் அணியிடம் வைக்கிங்ஸ் 24–31 எனத் தோற்றது. அதுவும் ஒரு நெருக்கமான ஆட்டம்தான். அடுத்த பருவத்தின் முதல் மூன்று ஆட்டங்களிலும் 3, 6, 4 புள்ளிகளில் தோல்வி. பந்தை எறிந்தவர் அதே கர்க் கசின்ஸ், பயிற்றுநரும் அவரே. பதினொரு தொடர் வெற்றிக்குப் பின் நான்கு தொடர் தோல்வி! திறமை என்பது ஒரு விடுமுறையில் ஆவியாகிவிடக்கூடியது அல்ல.

எல்லாமே தற்செயல் என்றும் நான் சொல்லவில்லை. 2023 அக்டோபர் 29 அன்று கசின்ஸுக்குக் குதிகால் தசைநாண் அறுந்தது. அப்பருவத்தில் மூன்று பேர் மாறி மாறி அவரது இடத்தில் தொடக்க ஆட்டக்காரராக இறங்க நேர்ந்தது. ஜெஃபர்சனும் காயத்தால் பல ஆட்டங்களில் ஆடவில்லை. இவை உண்மையான இழப்புகள். ஆனால் விளக்கம் கேட்க வேண்டிய பருவம் 2023 அல்ல, 2022. நடுத்தர அணி ஒன்று 7 வெற்றி பெறுவதற்குக் காரணம் தேட வேண்டியதில்லை. –3 என்ற அணி 13 வெற்றி பெற்றபோதுதான் நாம் புருவத்தை உயர்த்தியிருக்க வேண்டும்.

ஆய்வுக்கூடத்தில் தனி ஊசலின் அலைவு நேரத்தைக் காணும்போது, ஒரே ஓர் அலைவை அளந்துவிட்டு வர உங்கள் ஆசிரியர் அனுமதிப்பாரா? 20 அலைவுகளுக்கு ஆகும் நேரத்தை அளந்து வகுக்கச் சொல்வார். ஒரே அலைவில் நம் கைப்பிழை அதிகமாகத் தெரியும் என்பது அவருக்குத் தெரியும். ஓர் அணியை 17 வெற்றி தோல்விகளைக் கொண்டு எடை போடுவதும் அப்படித்தான். அமெரிக்கப் பேஸ்பால் அணிகள் ஒரு பருவத்தில் 162 ஆட்டங்கள் ஆடுகின்றன. அங்கே அதிர்ஷ்டம் இவ்வளவு தூரம் ஆட்சி செய்ய முடியாது.

உழைப்பு எங்கே தெரியும்?

"அப்படியானால் உழைத்து என்ன பயன்?" என்று கேட்காதீர்கள். கதை இன்னும் முடியவில்லை. வைக்கிங்ஸ் நிர்வாகம் பயிற்றுநரை நீக்கவில்லை. 2024ஆம் ஆண்டுப் பருவத்தில் அணி 14 ஆட்டங்களில் வென்று 3இல் மட்டும் தோற்றது. ஓ'கானல் அந்தப் பருவத்தின் சிறந்த பயிற்றுநராகத் தேர்வு பெற்றார். புள்ளிகளைப் பாருங்கள்: எடுத்தது 432, கொடுத்தது 332, வித்தியாசம் +100!

2022இல் 13 வெற்றி, 2024இல் 14 வெற்றி. வெற்றிக் கணக்கில் இரண்டும் அண்ணன் தம்பி போலத் தோன்றுகின்றன. ஆனால் –3 எங்கே, +100 எங்கே! உழைப்பும் திறமையும் வளர்ந்தபோது அது புள்ளிக் கணக்கில் தெளிவாகத் தெரிந்தது. அதிர்ஷ்டம் ஒரு முடிவை இங்கும் அங்கும் தள்ளும். எந்த இடத்தைச் சுற்றித் தள்ளுகிறது என்பதைத் தீர்மானிப்பது உழைப்பு.

மிக உயர்ந்த அளவு ஒன்றுக்குப் பின் வருவது சராசரிக்கு நெருங்கியே இருக்கும் என்பதை 1886இல் ஃபிரான்சிஸ் கால்டன் என்ற ஆங்கில அறிஞர் பெற்றோர், பிள்ளைகளின் உயரங்களை ஒப்பிட்டுக் காட்டினார். இது வெறும் கணக்கு விளையாட்டு அல்ல. உளவியலாளர் டேனியல் கானமன், 2002இல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு பெற்றவர், இஸ்ரேலில் விமானப் பயிற்சியாளர்களுக்கு ஒருமுறை பாடம் நடத்தினார். பாராட்டே பயன் தரும் என்று அவர் சொன்னபோது பயிற்சியாளர் ஒருவர் எழுந்து மறுத்தார். நன்றாக ஓட்டியவனைப் பாராட்டினால் அடுத்த முறை மோசமாக ஓட்டுகிறான், மோசமாக ஓட்டியவனைத் திட்டினால் அடுத்த முறை நன்றாக ஓட்டுகிறான் என்பது அவர் அனுபவம். அவர் கண்டது உண்மை. எடுத்த முடிவு தவறு. பாராட்டினாலும் திட்டினாலும், மிக நன்றாக அமைந்த முயற்சிக்குப் பின் வருவது பெரும்பாலும் சற்றுக் குறைவாகவும், மிக மோசமானதற்குப் பின் வருவது பெரும்பாலும் சற்று மேலாகவுமே இருக்கும்.

ஆசிரியர்களாகிய நாங்களும் இதே பிழையைச் செய்கிறோம். 90 வாங்கியவன் 70க்கு இறங்கினால் தலைக்கனம் என்கிறோம். 40 வாங்கியவன் 55க்கு ஏறினால், நாம் கொடுத்த ஏச்சு வேலை செய்தது என்று மகிழ்ந்து, மேலும் ஏசுகிறோம். நானும் இப்படிச் செய்திருக்கிறேன். இன்று அதற்காக வருந்துகிறேன்.

ஆகவே, நண்பர்களே, ஒரு தேர்வில் மதிப்பெண் குறைந்தால் உடனே உங்களை நீங்களே குற்றவாளிக் கூண்டில் ஏற்றாதீர்கள். ஒரு தேர்வில் மிக அதிகமாகக் கிடைத்துவிட்டால் அதை உங்கள் உண்மையான உயரம் என்றும் நம்பிவிடாதீர்கள். இரண்டு வேளையிலும் விடைத்தாளைத் திறந்து, எந்தக் கணக்கு புரிந்து போட்டது, எது குருட்டாம்போக்கில் சரியாக அமைந்தது, எது தெரிந்தும் தவறியது என்று தனித்தனியே எழுதிப் பாருங்கள். அதுதான் உங்களுடைய புள்ளிக் கணக்கு. 2022இல் மின்னசோட்டா ரசிகர்கள் அந்தக் கணக்கைப் பார்த்திருந்தால், மறு ஆண்டின் பத்துத் தோல்விகள் அவர்களை வருத்தியிருக்கலாம், ஏமாற்றியிருக்காது.