300 எம்பிபிஎஸ் பிளான் இருந்தும் 4கே படம் ‘சுத்துவது’ ஏன்? புதுக்கோட்டை வீடுகளில் பழுது எங்கே?

புது 4கே டிவி வாங்கியாச்சு. ஃபைபர் இணைப்பும் வந்தாச்சு. வைஃபை உள் அறை வரை எட்டவில்லை என்று லேன் கேபிளும் இழுத்தாச்சு. அப்படியும் இரவு ஒன்பது மணிக்குப் படம் போட்டால் திரையின் நடுவில் வட்டம் சுற்றுகிறது. வட்டம் சுற்றாவிட்டால் படம் மங்கிப்போய், முகமெல்லாம் பூசிவிட்டதுபோலத் தெரிகிறது. இணைப்பு கொடுத்தவரைக் கூப்பிட்டால் வழக்கமாக வரும் யோசனை ஒன்றுதான்: “பெரிய பிளானுக்கு மாறுங்க சார், சரியாயிடும்.”

பெரும்பாலும் சரியாகாது. 4கே படத்துக்குத் தேவையான வேகம் பலரும் நினைப்பதைவிடக் குறைவு. நெட்ஃபிளிக்ஸ் 4கே-வுக்குப் பரிந்துரைப்பது 15 எம்பிபிஎஸ். யூடியூப் சொல்வது 20. ஒரே வீட்டில் இரண்டு டிவி ஓடினாலும் 40-ஐத் தாண்டாது. அதாவது, 100 எம்பிபிஎஸ் பிளானே இதற்குத் தாராளம். அதில் படம் திணறுகிறது என்றால், காசு கொடுத்து வாங்கிய வேகம் டிவி வரை வந்து சேரவில்லை. வழியில் எங்கோ சிந்துகிறது. ஓட்டைக் குடத்தில் இன்னும் கொஞ்சம் தண்ணீர் ஊற்றுவதுதான் பிளானை மாற்றுவது.

“டேட்டா தீர்ந்திருக்கும்” என்பது அடுத்த சந்தேகம். பல நிறுவனங்களின் ‘அன்லிமிடெட்’ பிளான்களுக்கு மாதம் 3,300 ஜிபி என்று ஒரு வரம்பு உண்டு. 4கே படம் மணிக்கு சுமார் 7 ஜிபி எடுக்கும். கணக்குப் போட்டால் 471 மணி நேரம் பார்க்கலாம். மாதத்தில் இருப்பதே 720 மணி நேரம்தான். ஆகவே, குறைந்த வரம்புள்ள மலிவான பிளான் இல்லையென்றால் இந்தச் சந்தேகத்தை விட்டுவிடலாம்.

வீட்டுக்கு உள்ளேயா, வெளியேயா?

இதைப் பிரித்துப் பார்த்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. அதற்கு எளிய கருவி கடிகாரம். வீட்டுக்குள் இருக்கும் பழுது நேரம் பார்க்காது. காலை 11 மணிக்கும் இரவு 9 மணிக்கும் ஒரே மாதிரி மந்தமாக இருக்கும். வெளியே இருக்கும் நெரிசல் நேரம் பார்த்து வரும். காலையில் பறக்கும், இரவில் தவழும்.

லேப்டாப்பை லேன் கேபிள் மூலம் நேரடியாக ஃபைபர் மோடத்தில் செருகி இந்த இரண்டு நேரத்திலும் வேகத்தைச் சோதித்துக் குறித்துக்கொள்ள வேண்டும். மூன்று நாள் செய்தால் போதும். பிறகு அதே லேப்டாப்பை டிவிக்குப் போகும் கேபிளில் செருகி இன்னொரு முறை. மோடத்தில் நன்றாக வந்து டிவி முனையில் குறைந்தால், குற்றவாளி நடுவில் கிடக்கும் கேபிள்தான். டிவி முனையிலும் லேப்டாப்பில் நன்றாக வந்தால், கோளாறு டிவியிலோ அதிலுள்ள ஆப்பிலோ இருக்கிறது. ஆப்பை அப்டேட் செய்து, டிவியை மின் இணைப்பிலிருந்தே கழற்றி மாட்டிப் பார்க்கலாம்.

எந்தத் தளத்தில் சோதிக்கிறோம் என்பதும் முக்கியம். சாதாரண ஸ்பீட் டெஸ்ட் பெரும்பாலும் உங்கள் நிறுவனத்தின் சொந்த சர்வரையோ பக்கத்து ஊர் சர்வரையோ தானாகவே தேர்ந்தெடுக்கும். அதில் 300 காட்டும், படம் மட்டும் சுற்றும். நெட்ஃபிளிக்ஸ் நடத்தும் ஃபாஸ்ட் டாட் காம், படம் வருகிற அதே வகை சர்வர்களிலிருந்து அளப்பதால், படம் பார்ப்பவருக்கு அந்த எண்தான் நெருக்கமான உண்மை. டிவியில் யூடியூப் பார்ப்பவர்கள், வீடியோ ஓடும்போது செட்டிங்கில் ‘ஸ்டாட்ஸ் ஃபார் நெர்ட்ஸ்’ என்பதை இயக்கினால், அந்த நொடியில் எவ்வளவு வேகம் வருகிறது என்பது திரையிலேயே தெரியும்.

94 என்ற எண்

சோதனையில் வரும் எண்ணே பல நேரங்களில் பழுதின் பெயரைச் சொல்லிவிடும். 300 எம்பிபிஎஸ் பிளானில் எப்போது பார்த்தாலும் 94 அல்லது 95-லேயே நிற்கிறதா? வழியில் ஏதோ ஒன்று 100 எம்பிபிஎஸ் இணைப்பாக ஓடுகிறது என்று அர்த்தம். மீதி ஐந்தாறு, தரவோடு சேர்ந்து பயணிக்கும் முகவரித் தகவல்களுக்குப் போகிறது. ஜிகாபிட் இணைப்பாக இருந்தால் இதே கணக்கில் 940 வரை போகும்.

இந்த 100 எங்கிருந்து வருகிறது? பழைய ரூட்டராக இருக்கலாம். வீட்டில் வைத்துவிட்டுப் போகும் சில மோடங்களில் நான்கு லேன் போர்ட் இருக்கும். அவற்றில் ஒன்று மட்டுமே ஜிகாபிட், மற்ற மூன்றும் 100. லேப்டாப்பில் செருகும் மலிவான யுஎஸ்பி-லேன் அடாப்டரும் 100-ஆக இருந்து சோதனையையே கெடுக்கலாம். இதில் வேடிக்கை என்னவென்றால், விலை உயர்ந்த 4கே டிவிகள் பலவற்றிலும் லேன் போர்ட் 100 எம்பிபிஎஸ்தான். கேபிள் போட்டதைவிட வைஃபையில் வேகம் அதிகமாகக் காட்டுகிறதே என்று குழம்புபவர்கள் இதைக் கவனிக்கலாம். ஆனால் பதற வேண்டாம். 20 எம்பிபிஎஸ் கேட்கும் படத்துக்கு 94 என்பது நான்கு மடங்குக்கும் மேல்.

கவலைப்பட வேண்டியது 94-ஐப் பார்த்து அல்ல, 9.4-ஐப் பார்த்து. கேபிள் மோசமானால் இரண்டு முனையிலும் உள்ள கருவிகள் தங்களுக்குள் பேசி வேகத்தைத் தாமாகவே குறைத்துக்கொள்ளும். ஜிகாபிட் 100 ஆகும், சில சமயம் 10-க்கே இறங்கிவிடும். 10-க்கு இறங்கியதை யாரும் உங்களுக்குச் சொல்லமாட்டார்கள். வாட்ஸ்அப் ஓடும், பிரவுசர் திறக்கும், எச்டி படம்கூட ஓடும். 4கே மட்டும் படுத்துவிடும். விண்டோஸ் லேப்டாப்பில் நெட்வொர்க் செட்டிங்கில் ‘லிங்க் ஸ்பீட்’ என்ற இடத்தில் 1000, 100, 10 இவற்றில் எது இருக்கிறது என்று பார்த்தால் ஒரே நிமிடத்தில் தெரிந்துவிடும்.

கேபிளில் என்ன கெடப்போகிறது?

நிறைய. புதுக்கோட்டை மாவட்டத்தில் இது கொஞ்சம் கூடுதலாகவே பொருந்தும். திருமயம் பக்கம் ராயவரம், ராங்கியம், கோனாபட்டு, குழிபிறை, பனையப்பட்டி போன்ற நகரத்தார் ஊர்களில், ஒரு தெருவில் வாசல் தொடங்கி அடுத்த தெருவில் பின்கட்டு முடியும் வீடுகள் இருக்கின்றன. அந்தத் தடித்த சுவர்களைத் தாண்டி வைஃபை போவது கஷ்டம். முகப்பில் மோடம், உள்கட்டில் டிவி என்றால் நீளமாகக் கேபிள் இழுத்துத்தான் ஆக வேண்டும். லேன் கேபிள் 100 மீட்டர் வரை தாங்கும் என்பதால் நீளம் ஒரு பிரச்சினையில்லை. பிரச்சினை தரத்திலும் இணைத்த விதத்திலும்தான்.

கடையில் ‘கேட்-6’ என்று அச்சடித்து மலிவாக விற்கப்படும் கேபிள்களில் பல, செம்பு பூசிய அலுமினியம். கம்பியின் நுனியை பிளேடால் சுரண்டினால் உள்ளே வெள்ளி நிறம் தெரியும். அலுமினியம் மின்சாரத்தை அதிகம் தடுக்கும்; மடித்தால் சீக்கிரம் முறியும். இரண்டு மீட்டருக்கு ஓடிவிடும், முகப்பிலிருந்து உள்கட்டுக்கு இழுத்தால் தடுமாறும். முழுச் செம்புக் கம்பி என்று கேட்டு வாங்க வேண்டும். நடுவில் வெட்டி, முறுக்கி, இன்சுலேஷன் டேப் சுற்றிய ஒட்டு இருந்தால் முதல் சந்தேகம் அதன்மேல்தான். மின்சார வயரோடு ஒரே பைப்பில் லேன் கேபிளையும் திணித்திருந்தால் அதுவும் தப்பு. வேகத்துக்கு மட்டுமல்ல, உயிருக்கும்.

எல்லாவற்றையும்விடக் கண்டுபிடிக்கச் சிரமமான பழுது, முனையில் ‘கிரிம்ப்’ செய்த வரிசை. லேன் கேபிளுக்குள் எட்டுக் கம்பிகள், இரண்டிரண்டாக முறுக்கி நான்கு ஜோடிகள். ஒரு ஜோடியின் முறுக்குதான் பக்கத்து ஜோடியின் இரைச்சலைத் தடுக்கிறது. வழக்கமான வரிசை: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பிரவுன், பிரவுன். பச்சை ஜோடியைப் பிரித்து நடுவில் நீலத்தை வைப்பது அச்சுப்பிழை அல்ல. மூன்றாவது முள்ளும் ஆறாவது முள்ளும் ஒரே ஜோடியாக இருக்க வேண்டும் என்பதற்காகவே அப்படி. இதை அறியாமல் ஆரஞ்சு ஜோடி, பச்சை ஜோடி, நீல ஜோடி, பிரவுன் ஜோடி என்று அழகாக அடுக்கிவிடுபவர்கள் உண்டு. இரண்டு முனையிலும் அதே வரிசை என்பதால், எட்டு விளக்கு எரியும் சாதாரண டெஸ்டரில் ஒன்று முதல் எட்டு வரை பச்சையாகவே எரியும். “கேபிள் ஓகே சார்” என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். ஆனால் ஜோடி பிரிந்துவிட்டதால் ஒன்றின் இரைச்சல் மற்றொன்றில் கலந்து, அனுப்பியதையே திரும்பத் திரும்ப அனுப்பவேண்டி வரும். வேகம் சரியும். இரு முனையையும் வெட்டிச் சரியான வரிசையில் மறுபடி கிரிம்ப் செய்வதற்கு ஆகும் செலவு சில ரூபாய்கள்தான்.

இடி, மின்னலையும் மறந்துவிடக் கூடாது. மாடிக்கோ பக்கத்துக் கட்டடத்துக்கோ வெளியில் தொங்கவிட்ட நீளமான செம்புக் கேபிள், அருகில் மின்னல் இறங்கும்போது அதிர்வை உள்ளே கொண்டுவரும். போர்ட் முழுதாகச் செத்தால் உடனே தெரிந்துவிடும். அரைகுறையாகக் கெட்டால் வேகக் குறைவாக மட்டுமே வெளிப்படும். இரண்டு கட்டடங்களை இணைக்க ஃபைபர்தான் பாதுகாப்பு. கண்ணாடி இழையில் மின்சாரம் பாயாது.

இரவு ஒன்பது மணி நெரிசல்

மோடத்திலேயே சோதித்தும் காலையில் 200, இரவில் 12 என்று வந்தால், வீட்டுக்குள் எதை மாற்றியும் பயனில்லை. ஃபைபர் ஒவ்வொரு வீட்டுக்கும் தனித்தனியாக வருவதல்ல. அலுவலகத்தில் உள்ள ஒரு கருவியிலிருந்து புறப்படும் ஓர் இழை, கம்பத்தில் உள்ள பெட்டியில் பிரிந்து 32 அல்லது 64 வீடுகளுக்குப் போகிறது. ஜிபான் என்ற தொழில்நுட்பத்தில் ஓர் இழையின் மொத்த வேகம் சுமார் 2.5 ஜிகாபிட். 64 வீடும் ஒரே நேரத்தில் உச்சத்தில் இழுத்தாலும் தலைக்கு 38 எம்பிபிஎஸ் கிடைக்கும், 4கே ஓடிவிடும். சிறிய ஆபரேட்டர்கள் சிலர் பயன்படுத்தும் பழைய ஈபான் வகையில் மொத்தமே 1 ஜிகாபிட்தான். 64-ஆல் வகுத்தால் 15.6. நெட்ஃபிளிக்ஸ் கேட்கும் 15-க்கு மயிரிழையில் மேலே.

அதற்கு மேலே போனால் இன்னும் நெருக்கடி. எட்டு இழைகள் புறப்படும் ஒரு கருவியில் 512 வீடுகள் இருக்கலாம். அந்தக் கருவியை வெளியுலகத்தோடு இணைக்கும் பாதை 1 ஜிகாபிட் மட்டுமே என்றால், எல்லோரும் ஒரே நேரத்தில் பார்க்கும்போது தலைக்கு 2 எம்பிபிஎஸ்கூடத் தேறாது. இந்தியாவில் ‘பிராட்பேண்ட்’ என்று அழைக்கத் தேவையான குறைந்தபட்ச வேகமே 2 எம்பிபிஎஸ்தான். 2023 ஜனவரியில்தான் அது 512 கேபிபிஎஸ்-லிருந்து உயர்த்தப்பட்டது. எல்லா வீடும் ஒரே நொடியில் உச்சத்தை இழுப்பதில்லை என்ற நம்பிக்கையில்தான் ‘300 வரை’ என்று விற்கிறார்கள். அந்த ‘வரை’ என்ற சொல்தான் மொத்த வியாபாரமும். கிரிக்கெட் மேட்ச் இரவுகளில் அந்த நம்பிக்கை பொய்க்கிறது.

தமிழ்நாட்டின் 12,525 ஊராட்சிகளுக்கும் 1 ஜிகாபிட் ஃபைபர் என்ற பாரத்நெட் திட்டத்தை அரசின் டான்ஃபிநெட் நிறுவனம் செயல்படுத்துகிறது. புதுக்கோட்டை மாவட்டத்தின் 497 ஊராட்சிகளும் அந்தக் கணக்கில் வருபவை. கிராமத்துக்கு ஃபைபர் வருவது பெரிய விஷயம்தான். ஆனால் அந்த 1 ஜிகாபிட்டை எத்தனை வீடுகள் பகிர்கின்றன என்று மேலே போட்ட அதே வகுத்தல் கணக்கை அங்கேயும் போட்டுப் பார்க்க வேண்டியிருக்கும்.

கடலடிக் கேபிள் மீது பழி போடுவதும் உண்டு. 2025 செப்டம்பரில் செங்கடலில் கேபிள்கள் அறுந்தபோது இந்தியாவிலும் இணையம் மந்தமானதாகச் செய்திகள் வந்தன. ஆனால் நீங்கள் பார்க்கும் படம் பெரும்பாலும் கடல் தாண்டி வருவதில்லை. நெட்ஃபிளிக்ஸ் 2012 முதலே தன் படங்களை நகலெடுத்து வைத்த சர்வர்களை இணைய நிறுவனங்களின் வளாகத்துக்குள்ளேயே வைக்கிறது. யூடியூபும் அப்படித்தான். சிக்கல் இருப்பது அந்த சர்வருக்கும் உங்கள் ஊருக்கும் இடையில்.

எந்த நேரமும் வேகம் தாறுமாறாக இருந்து, அவ்வப்போது மோடத்தில் சிவப்பு விளக்கும் எரிந்தால், ஃபைபரில் வரும் ஒளியே பலவீனமாக இருக்கலாம். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் ஆலங்குடி, கீரமங்கலம் பக்கம் தென்னையையும் மின்கம்பங்களையும் சாய்த்ததைப் பார்த்தவர்களுக்கு, கம்பத்தில் தொங்கும் எந்த வயருக்கும் என்ன ஆகும் என்று தெரியும். இழையை ஒட்டும் ஒவ்வொரு இடத்திலும் கொஞ்சம் ஒளி குறையும். ஜன்னல் விளிம்பில் கூர்மையாக மடிந்தாலும் குறையும். டெக்னீஷியன் வரும்போது பவர் மீட்டரில் எவ்வளவு காட்டுகிறது என்று கேளுங்கள். மைனஸ் 27-ஐ நெருங்கினாலோ தாண்டினாலோ ஒட்டுகளைச் சரிபார்க்கச் சொல்லலாம். மைனஸ் 20 என்றால் ஒளியில் குறையில்லை.

புகார் கொடுக்கும்போது

“ஸ்லோவா இருக்கு” என்ற புகாருக்கு “ரூட்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க” என்ற பதில்தான் கிடைக்கும். “மோடத்தில் நேரடி லேன், காலை 11 மணிக்கு 200, இரவு 9 மணிக்கு 12, மூன்று நாள், இதோ ஸ்கிரீன்ஷாட்” என்ற புகாரை அப்படித் தட்டிக்கழிப்பது கடினம். முதலில் பில்லைப் பார்க்க வேண்டும். இணைப்பு கொடுத்தவர் தெருவில் உள்ள கேபிள்காரராக இருந்தாலும், லைசென்ஸ் வேறொரு நிறுவனத்தின் பெயரில் இருக்கலாம். புகார் அந்த நிறுவனத்தின் வாடிக்கையாளர் மையத்துக்குப் போக வேண்டும். ட்ராயின் 2012 விதிகளின்படி அங்கே ஒரு பதிவு எண் தந்தாக வேண்டும். அந்த எண் இல்லாமல் அடுத்த படி ஏற முடியாது.

தீர்வு பிடிக்கவில்லை என்றால் 30 நாட்களுக்குள் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் போகலாம். கட்டணம் இல்லை. தனிநபர் புகார்களை ட்ராய் நேரடியாக விசாரிப்பதில்லை என்பதால் அங்கே எழுதிக் காத்திருப்பது வீண். தொலைத்தொடர்பு சேவைக் குறைபாட்டுக்கு நுகர்வோர் ஆணையத்தை நாடலாம் என்று உச்ச நீதிமன்றம் 2022 பிப்ரவரியில் தெளிவாகச் சொல்லிவிட்டது. புதுக்கோட்டையிலேயே மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. அங்கேயும் முதலில் கேட்கப்போவது, புகார் எண்ணையும் நேரத்தோடு குறித்துவைத்த அந்த மூன்று நாள் கணக்கையும்தான்.