பரிசோதனைச்சாலையில் சட்டாம்பிள்ளைகள்

ஆசிரியர் அவர்களுக்கு,

ரொறன்ரோ சர்வகலாசாலைகளின் பரிசோதனைச்சாலைகளில் பேராசிரியர்களுக்குப் பதிலாக மேல்வகுப்பு மாணவர்களே கற்பிப்பது கல்வியின் சீரழிவு என்று தங்கள் பத்திரிகையில் வெளியான கட்டுரையின் அபிப்பிராயத்தை என்னால் ஏற்க இயலவில்லை. நம் திண்ணைப் பள்ளிகளில் சட்டாம்பிள்ளை இளையோருக்குப் பாடம் சொல்லிக்கொடுத்த சம்பிரதாயத்தை ஒத்த முறையையே, 1789-இல் சென்னை எழும்பூரில் அநாதைச் சிறுவர் விடுதியின் பொறுப்பை ஏற்ற ஆண்ட்ரூ பெல் கைக்கொண்டு, 1797-இல் இலண்டனில் நூலாக வெளியிட, அது ‘மதராஸ் முறை’ எனப் பிரசித்தி பெற்றுக் கனடாவின் நியூ பிரன்ஸ்விக் வரை பரவியது.

நான் இந்நகரில் இரசாயனம் பயின்ற காலத்தில், பியூரெட்டிலிருந்து காரம் துளித்துளியாக இறங்கிக் கரைசல் இளஞ்சிவப்பாகும் கணத்திலேயே திருகை மூடும் இலாவகத்தை, அண்மையில்தான் தாமே அதைக் கற்றிருந்த மூத்த மாணவி ஒருவர் பொறுமையுடன் கைப்பழக்கிவிட்டதுபோல் எந்த விரிவுரையும் எனக்கு உணர்த்தியதில்லை.

இவ்வாறு கற்பிக்கும் மேல்வகுப்பு மாணவர்களும் ஒப்பந்த ஆசிரியர்களும் 2018-இல் யோர்க் சர்வகலாசாலையில் மாதக்கணக்கில் வேலைநிறுத்தம் செய்தபோது வகுப்புகள் பல ஸ்தம்பித்ததே இவர்தம் உழைப்பின் அவசியத்துக்குச் சாட்சி. ஆகவே, இம்முறையைக் கைவிடுவதைக் காட்டிலும், பருவத் தொடக்கத்தில் இம்மாணவர்களுக்கு ஊதியத்துடன் கூடிய போதனைப் பயிற்சி அளிப்பதும், பேராசிரியர் வாரம் ஒருமுறையேனும் பரிசோதனைச்சாலைக்கு வந்து மேற்பார்வை செய்வதும் உசிதமாகும்.

இங்ஙனம்,
ஒரு வாசகர்
ஸ்காபரோ