இறுகிய சுக்கான்

வீட்டிலே வயோதிபர் ஒருவர் இருந்தால் அவருடைய இருமல் நாளடைவில் வீட்டாருக்குப் பழகிப்போய்விடுகிறது. முதல் நாள் இரவு விளக்கைக் கொளுத்திக்கொண்டு ஓடி வருவோம். பத்தாம் நாள், "அது அப்படித்தான்" என்று சொல்லிவிட்டு மறுபக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வோம். இருமல் குறைந்ததனாலன்று, எமது காது மரத்துப்போனதனால். பழைய மோட்டார்க் கார் வைத்திருப்போரும் இவ்வாறே அதன் நோய்களுக்குப் பழகிவிடுகின்றனர். நாமும் பழகினோம். அதனால் நேரவிருந்த பெருந்தவறு ஒன்றை இவ்வாரம் வாசகர்களிடம் ஒளியாமல் கூறிவிட எண்ணுகிறோம்.

எமது கார் ஒரு மொறிஸ் மைனர். எம்மைப் போலவே ஆசிரியராயிருந்த எம் தந்தையார் 1974ஆம் ஆண்டிலே பழையதாக வாங்கியது. அலெக் இசிகோனிஸ் என்ற பொறியியலாளர் வகுத்த இந்தச் சிறு கார், 1948ஆம் ஆண்டு இலண்டன் மோட்டார்க் காட்சியிலே முதன்முதலாக மக்கள் முன் வைக்கப்பட்டது. 1970களின் தொடக்கத்தில் இங்கிலாந்திலே அதன் உற்பத்தி முடிவுற்றது. அதற்கிடையில் ஏறக்குறைய 16 இலட்சம் கார்கள் செய்யப்பட்டன. யாழ்ப்பாணத்து வீதிகளிலோ அதன் ஆயுள் அத்துடன் முடிந்துவிடவில்லை. 1990களில் பொருளாதாரத் தடையினாலே பெற்றோல் அரிதாகிவிட்ட காலத்தில், சிறிதளவு பெற்றோலைக் காட்டி எஞ்சினை எழுப்பிவிட்டு, மண்ணெண்ணெயிலே இத்தகைய கார்களை ஓட்டினார்கள். 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் தென்மராட்சியை நோக்கிப் பெயர்ந்தபோது, எம் அப்பாச்சியையும் ஒரு மூட்டை அரிசியையும் சுமந்து சென்றது இந்தக் கார்தான். ஆகவே அதனை விற்கும் பேச்சை எமது வீட்டிலே எடுப்பார் இல்லை.

இத்தகைய காரின் சுக்கான் சென்ற ஆண்டு இறுகத் தொடங்கியது. பாடநூலிலே சுக்கான் என்று எழுதுகிறோம். கராஜில் 'ஸ்ரியறிங்' என்றால்தான் விளங்கும். முதலில் மழைக்காலம் என்று சமாதானம் சொல்லிக்கொண்டோம். பிறகு வீதி சரியில்லை என்றோம். அதன் பிறகு எமது தோள்களுக்கும் வயது நாற்பதைத் தாண்டிவிட்டதே என்று ஆறுதல் அடைந்தோம். மூன்று மாதம் இவ்வாறு கழிந்தது. ஒரு நாள் எம் இல்லத்தரசி, "சந்தி வந்தால் ஏன் பேச்சை நிறுத்திவிடுகிறீர்கள்?" என்று கேட்டார். அப்போதுதான் அது எமக்கே தெரிந்தது. வளைவு வரும்போதெல்லாம் மூச்சைப் பிடித்துக்கொண்டு சுக்கானைத் திருப்பிக்கொண்டிருந்தோம். தெரிந்தும் ஒன்றும் செய்யவில்லை. கேள்வியைச் சிரித்து மழுப்பிவிட்டோம்.

ஒரு வெள்ளிக்கிழமை, கல்லூரி விட்டு வீடு திரும்பும் வேளை. பலாலி வீதியிலிருந்து இடப்பக்கமாக எமது ஒழுங்கைக்குள் திரும்பினோம். வேண்டிய பலத்தைக் கொடுத்தோம், சுக்கான் திரும்பியது. நேராக்க முயன்றோம்; அது வரவில்லை. கார் மேலும் மேலும் இடப்பக்கமாகவே வளைந்து வேலியை நோக்கிச் சென்றது. வேலியோரமாக எமக்கு முன்னே ஒரு சிறுவன் முதுகைக் காட்டியபடி சயிக்கிளிலே போய்க்கொண்டிருந்தான். 'ஹோண்' அடித்திருந்தால் விலகியிருப்பான். ஆனால் எமது இரு கைகளும் சுக்கானோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தன. காலொன்றே எஞ்சியிருந்தது. பிரேக்கை மிதித்தோம்.

கார் நின்றபோது சயிக்கிளின் பின்சில்லு எமது பம்பரின் கீழே வளைந்து கிடந்தது. சிறுவன் கிளுவை வேலியிலே பாய்ந்து தொங்கிக்கொண்டிருந்தான். சட்டை கிழிந்து முழங்கை உரசுப்பட்டிருந்தது. வேறு காயம் இல்லை. இறங்கி ஓடிச்சென்று பார்த்தால், எமது பத்தாம் வகுப்பு மாணவன்! "பரவாயில்லை, சேர்" என்றான். அந்தச் சொல் எம்மைத் தேற்றவில்லை. அவன் வீட்டுக்கு நடந்து சென்று அவன் தாயாரிடம் பிழை எம்முடையதே என்று சொன்னோம். அந்த அம்மையார் ஒன்றும் பேசாமல் மகனின் முழங்கையைக் கழுவத் தொடங்கினார். அவர் ஏசியிருந்தால் எமக்கு எளிதாக இருந்திருக்கும்.

மறுநாள் புதுச் சில்லுப் பூட்டிய சயிக்கிளைக் கொண்டுபோய்க் கொடுத்தோம். அவன் அதைச் சுழற்றிப் பார்த்துவிட்டு, "காருக்கு என்ன, சேர்?" என்று கேட்டான். மூன்று மாதமாக நாம் கேட்காத கேள்வி அது.

ஞாயிறு காலை, எமக்குப் பழக்கமான மெக்கானிக் அண்ணை கருவிப் பெட்டியுடன் வீட்டு வளவுக்கே வந்தார். அறுபதைக் கடந்தவர். மாணவனும் வேடிக்கை பார்க்க வந்திருந்தான். காரைத் தொடுமுன் அவர் எம்மிடம் மூன்று கேள்விகள் கேட்டார்.

"இறுக்கம் எப்பவும் இருக்கோ, இடைக்கிடை வருமோ, மாஸ்ரர்? ஒரு பக்கம் திருப்பேக்கையோ, ரெண்டு பக்கமுமோ? திருப்பி முடிஞ்சாப் பிறகு தானாய் நேருக்கு வருதோ?"

மூன்றாம் கேள்விக்கு மாத்திரம் எம்மிடம் விடை இருந்தது. தினமும் ஓட்டும் காரைப் பற்றி மற்ற இரண்டையும் நாம் கவனித்ததேயில்லை. வினாவை வாசியாமல் விடை எழுதும் மாணவரை எத்தனை முறை கடிந்திருக்கிறோம்!

மூன்றாம் கேள்வியின் பொருளை அவர் விளக்கினார். கடைகளிலே சாமான் தள்ளும் வண்டியின் சிறுசில்லுகளைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். அச்சில்லு, தான் திரும்பும் அச்சுக்குச் சற்றுப் பின்னே தரையைத் தொடுகிறது. ஆதலால் வண்டியை எப்பக்கம் தள்ளினும் தானே பின்னால் சென்று நேராகிவிடுகிறது. காரின் முன்சில்லுகள் திரும்பும் அச்சும் அவ்வாறு சற்றுச் சாய்த்தே அமைக்கப்பட்டுள்ளது. வளைவு கடந்ததும் கையைத் தளர்த்தினால் சுக்கான் தானாக நேருக்கு வரவேண்டும். வராவிட்டால் எங்கோ ஓரிடத்தில் உராய்வு மிகுந்துவிட்டது என்பது பொருள். அந்த இடத்தைக் கண்டுபிடிப்பதே வேலை.

அவர் கண்டுபிடித்த முறையை மாணவர்கள் கவனிக்க வேண்டும். முதலிலே ரயர்களின் காற்றை அளந்தார். காற்றுக் குறைந்த ரயர் தரையிலே அகலமாக அமர்வதால் சுக்கான் பாரமாகும். காற்றுச் சரியாயிருந்தது. பின்பு 'ஜக்' கொடுத்து முன்பக்கத்தை உயர்த்தி, வலுவான தாங்கிகளை வைத்துவிட்டுச் சுக்கானைத் திருப்பினார். இப்போது சில்லுகள் தரையைத் தொடவில்லை. அப்படியிருந்தும் இறுக்கம் நீங்கவில்லை. எனவே குற்றம் ரயரிலும் இல்லை, வீதியிலும் இல்லை.

மொறிஸ் மைனரிலே சுக்கான் தண்டின் முனையில் ஒரு சிறு பற்சக்கரம் உண்டு. அது 'றாக்' எனப்படும் பற்சட்டத்தை இடமும் வலமுமாக நகர்த்துகிறது. சட்டத்தின் இரு முனைகளிலிருந்தும் 'ரை றொட்' என்ற கம்பிகள் சென்று சில்லுகளைத் திருப்புகின்றன. அண்ணை அவ்விரு கம்பிகளையும் சில்லுப் பக்கத்திலே கழற்றிவிட்டு, "தம்பி, இப்ப திருப்பிப் பார்" என்று மாணவனை அழைத்தார். சுக்கான் ஒரு விரலுக்கு அடங்கியது. ஆகவே தண்டிலும் பற்சட்டத்திலும் பிழையில்லை. பின்பு சில்லுகளை ஒவ்வொன்றாகக் கையாலே திருப்பச் சொன்னார். வலச்சில்லு எளிதாகத் திரும்பியது. இடச்சில்லை அவன் இரு கைகளாலும் தள்ளவேண்டியிருந்தது. பாதி வழியில் அது பிடித்துக்கொண்டது. "இதுதான், சேர்!" என்று அவன் கூவினான். முழுக் காரிலும் பரவியிருந்த குற்றம் கால் மணி நேரத்துக்குள் ஒரு முழ இடத்துக்குள் அகப்பட்டுவிட்டது.

சில்லு திரும்பும் அந்த அச்சைக் 'கிங்பின்' என்பர். அதன் கீழ்முனை மரையுள்ள ஒரு மூட்டினுள்ளே அமர்ந்திருக்கிறது. கிறீஸ்தான் அதற்கு உயிர். நாம் வியப்படைந்தோம். ஏனெனில் ஆண்டுதோறும் தைப்பொங்கலுக்கு முந்திய வாரத்திலே எம் கையாலேயே கிறீஸ் அடித்து வந்திருக்கிறோம். அண்ணை மூட்டைத் துடைத்துக் காட்டினார். கிறீஸ் செல்லும் 'நிப்பிள்' சேறும் பழைய வர்ணமும் அடைத்துக் கல்லாகியிருந்தது. நாம் அடித்த கிறீஸ் முழுவதும் வெளியே வழிந்து மினுமினுத்ததே தவிர ஒரு துளியும் உள்ளே இறங்கவில்லை. மாணவர் சிலரின் கொப்பியிலே குறிப்பு அழகாயிருக்கும். தலைக்குள் ஒன்றும் இறங்கியிராது. ஆசிரியரின் காரும் அந்த வகுப்பிலேயே படித்திருக்கிறது.

மூட்டைக் கழற்றியபோது உள்ளே துரு. மரையும் தேய்ந்திருந்தது. "இன்னும் கொஞ்சம் தேய்ஞ்சிருந்தா மரை கழன்று, சில்லு காருக்குக் கீழ மடிஞ்சிருக்கும், மாஸ்ரர்" என்றார் அவர். வேகமாக ஓடும் வேளையில் அது நிகழ்ந்திருந்தால் என்னவாகும் என்று நாம் கேட்கவில்லை. அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது என்ற பழமொழியைச் சிறுவயதில் மனனம் செய்தோம். அதன் பொருளை அன்றைக்கே படித்தோம்.

கொழும்பிலிருந்து புதுப் பாகம் வந்து பூட்டி முடிந்தபின், ஒழுங்கையின் அதே திருப்பத்தில் காரை மெதுவாகத் திருப்பிக் கையைத் தளர்த்தினோம். சுக்கான் உள்ளங்கைக்குள் வழுகிக்கொண்டு தானாக நேருக்கு வந்தது.

பழைய சிறு கார் வைத்திருக்கும் குடும்பங்கள் இந்நாட்டிலே பல. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025இன் தொடக்கத்திலே தனியார் கார்களுக்கு மீண்டும் வழி திறக்கும்வரை, உள்ளதைப் பேணுவதே பலருக்கும் கதியாயிருந்தது. அவர்களுக்காகச் சில குறிப்புகள்.

கிறீஸ் அடிக்குமுன் நிப்பிளைக் கம்பித் தூரிகையாலே துப்புரவாக்க வேண்டும். சில்லைத் தரையிலிருந்து உயர்த்தி அடித்தால், பாரம் நீங்கிய இடைவெளியிலும் கிறீஸ் புகும். பழைய கிறீஸ் வெளியே தள்ளப்பட்டு வருவதைக் கண்ணாலே கண்டபின்பே நிறுத்துக. மொறிஸ் மைனரின் பற்சட்டத்துக்கு வேண்டியது கிறீஸ் அன்று, கியர் ஒயில். அதன் இரு முனைகளிலுமுள்ள இரப்பர் உறை கிழிந்தால் ஒயில் வெளியேறி நீர் உட்புகும். ஜக்கை மாத்திரம் நம்பி ஒருபோதும் காரின் கீழே செல்லற்க.

இக்காலத்துச் சிறு கார்களில் சுக்கானைத் திருப்ப எண்ணெய் அமுக்கமோ மின்மோட்டாரோ துணைசெய்கிறது. எண்ணெயால் இயங்குவதாயின் அதன் அளவையும், பம்பை ஓட்டும் 'பெல்ற்'றையும் முதலிலே பார்க்க. மின்னால் இயங்குவதாயின் எச்சரிக்கை விளக்கையும் பற்றரியையும் கவனிக்க. ஓடும்போது எஞ்சின் நின்றுவிட்டால் அத்துணை நீங்கிச் சுக்கான் திடீரெனப் பாரமாகும். ஆனால் சில்லுகளுடனான தொடர்பு அறாது. அஞ்சாமல் இரு கைகளாலும் பலமாகப் பிடித்துத் திருப்பிக் காரை ஓரங்கட்டலாம். சாவியை மாத்திரம் வெளியே எடுத்துவிடக் கூடாது. எடுத்தால் சுக்கான் பூட்டிக்கொள்ளக்கூடும். நிறுத்தி வைத்த காரிலே சுக்கானும் சாவியும் அசைய மறுத்தால் அது பெரும்பாலும் நோயன்று, பூட்டு. சுக்கானை இரு பக்கமும் மெல்ல அசைத்தபடி சாவியைத் திருப்பினால் விடுபடும். எந்தக் காராயினும், ஓடும்போது சுக்கான் இறுகிப் பிடிக்குமானால் அன்றைய பிரயாணத்தை அத்துடன் நிறுத்துக. தோள்வலிமையைக் காட்டும் இடம் அதுவன்று. நாம் கொடுத்த பலமே மூன்று மாதமாக அந்த நோயை எம்மிடமிருந்து மறைத்து வைத்திருந்தது.

இப்போது ஒவ்வொரு மாதமும் முதற் சனிக்கிழமை எமது நாட்காட்டியிலே சிவப்பு மையால் குறிக்கப்பட்டிருக்கிறது. அன்று காலை அந்த மாணவன் கம்பித் தூரிகையுடன் வந்துவிடுகிறான். நிப்பிள்களைத் துப்புரவாக்குவது அவன் பொறுப்பு. கிறீஸ் அடிப்பது எம் பொறுப்பு. பழைய கிறீஸ் வெளியே வந்துவிட்டதா என்று பார்த்துச் சொல்வதும் அவனே. எமது சொல்லை அவன் நம்புவதில்லை. அது நியாயமே.

சந்தி வந்தாலும் இப்போது எமது பேச்சு நிற்பதில்லை. காரிலே எஞ்சியுள்ள ஒரே குறை அதுதான் என்கிறார் எம் இல்லத்தரசி.