பந்தியைப் பிரிப்பது சின்னக் காரியமல்ல

ஆலயத்தில் டிரம்ஸ் வைக்கலாமா? பாமாலை போதுமா, புதுப்பாட்டும் வேண்டுமா? கைதட்டிப் பாடலாமா? திருவிருந்தில் ஒரே பாத்திரமா, தனித்தனிக் கிண்ணமா? ஞானஸ்நானம் எடுக்கும் பெண் நகையைக் கழற்றித்தான் ஆகவேண்டுமா? தமிழ்க் கிறிஸ்தவர்கள் கூடுகிற இடங்களில் இந்தக் கேள்விகள் ஓய்வதில்லை. கேள்வி எழுவதில் பிழையில்லை. நம்மோடு ஒத்துப்போகாதவருக்கு விசுவாசமே இல்லை என்று தீர்ப்பெழுதிவிட்டு, எதிர்த் தெருவில் தகரக் கொட்டகை போட்டு இன்னொரு சபையைத் தொடங்குவதுதான் பிழை.

இந்தச் சண்டைக்கு வயது இரண்டாயிரம். ரோமாபுரிச் சபையில் சிலர் எல்லாவற்றையும் சாப்பிட்டார்கள். சிலர் காய்கறி மட்டும். சிலர் சில நாட்களைப் புனித நாட்களாக எண்ணினார்கள். மற்றவர்களுக்கு எல்லா நாளும் ஒன்று. எந்த உணவும் தன்னில் தீட்டானதல்ல என்பதே பவுலின் சொந்தக் கருத்து. ஆனாலும் அந்தக் கருத்தை அவர் சட்டமாக்கவில்லை. அவரவர் தம் மனதில் தெளிவாயிருக்கட்டும், இன்னொருவருடைய வேலைக்காரனைத் தீர்ப்பிட நீ யார் என்றார். சகோதரனுக்கு இடறலாகுமானால் தன் உரிமையையும் விட்டுக்கொடுக்கச் சொன்னார்.

இந்தப் பாடத்தை நம் மண்ணிலேயே படித்தவர்கள் உண்டு. 1919 மே மாதம் தரங்கம்பாடியில் 33 பேர் கூடினார்கள். இருவரைத் தவிர அனைவரும் இந்தியர். வெள்ளாளன்விளையில் பிறந்து தோர்ணக்கல் பேராயரான அசரியா அவர்களில் முதன்மையானவர். திருநெல்வேலியில் பிறந்தால் ஆங்கிலிக்கன், மதுரையில் பிறந்தால் அமெரிக்கன் மிஷன், நாகர்கோவிலில் பிறந்தால் லண்டன் மிஷன் என்று, எந்தக் கப்பலில் வந்த மிஷனரி எந்த ஊரில் இறங்கினார் என்பதை வைத்து நம் சபைகள் பிரிந்து கிடந்தன. இந்தப் பிரிவினைகள் நாங்கள் உண்டாக்கியவையும் அல்ல, விரும்பியவையும் அல்ல என்ற பொருளில் அவர்கள் அறிக்கை விடுத்தார்கள். அதன்பின் 28 ஆண்டுகள் பேச்சுவார்த்தை. பேராயர் கைவைத்து அபிஷேகம் செய்யாதவர் குருவானவர்தானா என்ற ஒரு கேள்வியே பல ஆண்டுகளைத் தின்றது. கடைசியில், ஏற்கெனவே ஊழியம் செய்துகொண்டிருந்தவர்களை மறு அபிஷேகம் இல்லாமலே ஏற்பது என்றும், எந்தச் சபையின் மனசாட்சியையும் வற்புறுத்துவதில்லை என்றும் வாக்குக் கொடுத்து, 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை செயின்ட் ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை பிறந்தது. அந்த நாளைக் காண அசரியா இல்லை. 1945 ஜனவரி முதல் நாளே மறைந்துவிட்டார்.

வடக்கே இன்னும் கடினமான முடிச்சு அவிழ்ந்தது. 1970இல் நாகபுரியில் வட இந்தியத் திருச்சபை உருவானபோது பாப்திஸ்துகளும் உள்ளே வந்தார்கள். குழந்தைக்குத் தெளித்தாலும் சரி, விசுவாசம் அறிக்கையிட்ட பெரியவரை முழுக்கினாலும் சரி, இரண்டுக்கும் ஒரே சபையில் இடமுண்டு என்று ஒத்துக்கொண்டார்கள். அதே கேள்விக்காக நம் ஊர்களில் அண்ணன் தம்பிகள் கல்யாண வீட்டில்கூட முகம் பார்ப்பதில்லை.

ஆனால் சகிப்புத்தன்மைக்கும் ஓர் எல்லை உண்டு. ரோமாபுரிக்கு அவ்வளவு பொறுமையாக எழுதிய அதே பவுல், அந்தியோகியாவில் பேதுருவை எல்லாருக்கும் முன்பாக முகத்துக்கு நேரே கண்டித்தார். பேதுரு செய்தது என்ன? புறஜாதியாரோடு ஒரே பந்தியில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர், எருசலேமிலிருந்து ஆட்கள் வந்ததும் பயந்துபோய் எழுந்து விலகிக்கொண்டார். இலையில் என்ன இருக்கிறது என்பதில் பவுலுக்கு அக்கறை இல்லை. பக்கத்து இலையில் யார் உட்கார்ந்திருக்கிறார் என்பதற்காக எழுந்து போனதைத்தான் அவரால் பொறுக்க முடியவில்லை. எது சின்னது, எது பெரியது என்பதற்கு இதைவிடத் தெளிவான உரைகல் நமக்குத் தேவையில்லை.

அந்த உரைகல்லில் நம்மை உரசிப் பார்த்தால் தலைகுனிவே மிஞ்சுகிறது. 1833இல் கல்கத்தா பேராயர் தானியேல் வில்சன், சபைக்குள் சாதி வேறுபாடு அடியோடு ஒழியவேண்டும் என்று சுற்றுக்கடிதம் அனுப்பினார். தஞ்சையிலும் வேப்பேரியிலும் பலர் சபையை விட்டே வெளியேறினார்கள். அவர்கள் சொன்ன நியாயத்தைக் கவனியுங்கள்: சாதி என்பது உலக வழக்கம், விசுவாசத்தோடு சம்பந்தமில்லாத விஷயம். அதாவது, அது சின்னக் காரியமாம். ஏறக்குறைய இரண்டு நூற்றாண்டுகள் கழிந்தும் அந்த நியாயம் செத்துவிடவில்லை. திருச்சி மேலப்புதூரில் இறந்தவர்களைச் சாதிவாரியாகப் பிரிக்கும் கல்லறைச் சுவரைப் பற்றிப் பல பத்தாண்டுகளாகப் பேசிக்கொண்டிருக்கிறோம். அன்றைய விழுப்புரம் மாவட்டத்து எறையூரில் 2008இல் சம உரிமை கேட்ட தலித் கத்தோலிக்கருக்கும் சக கத்தோலிக்கருக்கும் மூண்ட மோதலில், போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இரண்டு உயிர்கள் போயின. கத்தோலிக்கர் கதை என்று மற்றவர்கள் கைகழுவ முடியாது. திருமண்டலத் தேர்தலில் யார் யார் எந்த அணி என்று எண்ணிப் பார்த்தவர்களுக்கு மற்றவர்களின் நிலைமையும் தெரியும்.

எனவே நம் தீர்ப்பு இது. பாட்டிலும் ஆடையிலும் நாளிலும் முழுக்கிலும் வேறுபடுகிற சகோதரனைப் பொறுக்காதவன் சகிப்பில்லாதவன். மனிதரைப் பந்தியிலும் கல்லறையிலும் பிரிப்பதைப் பொறுத்துக்கொள்கிறவன் கோழை. நம் சபைகள் ஒரே நேரத்தில் இந்த இரண்டு குற்றங்களையும் செய்துகொண்டிருக்கின்றன. கொசுவை வடிகட்டி ஒட்டகத்தை விழுங்குகிறவர்களைப் பற்றி ஆண்டவர் சொன்னது வேறு யாரையோ குறித்து என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

ஒற்றுமை என்றால் எல்லாரும் ஒரே ராகத்தில் பாட வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. பெந்தெகொஸ்தே சகோதரி வெள்ளைச் சேலையில் வரட்டும். லுத்தரன் பெரியவர் ஞானப்பாட்டுப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொள்ளட்டும். நற்கருணை என்றோ இராப்போஜனம் என்றோ அவரவர் வாயில் வருகிறபடி சொல்லட்டும். அப்பம் ஒன்றாயிருந்தால் போதும்.

போதகர்களுக்கும் சபை மூப்பர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த கமிட்டிக் கூட்டத்தில் டிரம்ஸைப் பற்றிய தீர்மானத்தைக் கொஞ்சம் ஒத்திவையுங்கள். முதலில் உங்கள் கல்லறைத் தோட்டத்தைப் போய்ப் பாருங்கள். அங்கே சுவர் இருந்தால், அதை இடிப்பதே அன்றைய முதல் தீர்மானமாக இருக்கட்டும்.