பாலை விறகு நல்லதுதான். ஆனா ஆருக்கு, எதுக்கு?

"பாலை எண்டா பாலைதான், மற்ற விறகெல்லாம் சும்மா." விறகுக் கதை வந்தால் வன்னியிலும் சரி, யாழ்ப்பாணத்திலும் சரி, ஒருவராவது இதைச் சொல்லாமல் விடமாட்டார். 2022 இல் காஸ் கிடைக்காமல் போய், கிடைத்தபோது 12.5 கிலோ சிலிண்டர் 4,860 ரூபாய்க்கு ஏறி, கனபேர் விறகுக்குத் திரும்பின நாட்களில் இந்தப் பேச்சு இன்னும் கூடியது. பாலைக்கு இந்தப் பெயர் உண்மையிலேயே தகுமா? எங்களுடைய பதில்: பாதிக்கு ஓம், பாதிக்கு இல்லை. 'இல்லை' என்ற பாதியை ஆரும் பெரிதாகக் கதைக்கிறதில்லை எண்டபடியால்தான் இதை எழுதுகிறோம்.

முதல் 'ஓம்' பக்கத்தைப் பார்ப்போம். பாலையின் வைரம் தண்ணீரில் போட்டால் தாழும். அவ்வளவு பாரம். ஒரே அளவான இரண்டு துண்டு எடுங்கோ, ஒன்று பாலை, மற்றது வேலிக் கிளிசரியா. பாலைத் துண்டுக்குள் மரம் கூட இருக்கு, அதனால் அது தரும் வெப்பமும் கூட. மெதுவாகப் பிடிக்கும், பிடித்தால் நின்று எரியும், சுவாலை அடங்கின பிறகும் தணல் நீண்ட நேரம் கிடக்கும். போறணையைச் சூடேற்றிப் பாண் போடுகிறவருக்கும், பெரிய அண்டாவில் நெல் அவிக்கிறவருக்கும் இது பெரிய வசதி. ஒவ்வொரு பத்து நிமிசத்துக்கும் விறகு தள்ளிக்கொண்டு இருக்கத் தேவையில்லை.

இனி 'இல்லை' பக்கம். விறகின் வெப்பத்தை அளவால் பார்க்கிறோமா, நிறையால் பார்க்கிறோமா என்பதில்தான் விசயம் இருக்கு. முற்றாகத் தண்ணீர் நீக்கின ஒரு கிலோ விறகு, அது பாலையோ பூவரசோ வேம்போ, ஏறக்குறைய 18 முதல் 20 மெகாஜூல் வெப்பம்தான் தரும். மரத்துக்கு மரம் வித்தியாசம் சிறியது. பாலை 'கூட எரியிறது' போலத் தெரிவதற்குக் காரணம், ஒரு துண்டுக்குள் கூட கிலோ இருப்பதுதான்.

இது வாங்குகிற ஆளுக்கு முக்கியமான கணக்கு. உழவு இயந்திரப் பெட்டியில் லோட் கணக்கில் விறகு எடுத்தால், ஒரே இடத்துக்குள் கூட நிறை வரும். பாலை லாபம். விறகுகாலையில் அந்தர் கணக்கில் நிறுத்து வாங்கினால், பாலைக்குக் கூடக் காசு குடுக்க வெப்பக் கணக்கில் ஒரு நியாயமும் இல்லை. அங்கே நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: எவ்வளவு காய்ஞ்சிருக்கு?

ஏனென்றால் ஈரம்தான் எல்லாவற்றையும் மாற்றுகிறது. நன்றாகக் காய்ந்து 15 வீத ஈரத்தில் இருக்கிற விறகு கிலோவுக்கு ஏறக்குறைய 15 மெகாஜூல் தரும். 35 வீத ஈரத்தில் அது 11 அளவுக்கு இறங்கும். மிச்சத்தில் ஒரு பங்கு தண்ணீரை ஆவியாக்கவே போய்விடும், இன்னொரு பங்கு முதலிலேயே விறகு இல்லை, தண்ணீர். வைரமான மரத்தில் தண்ணீர் நிற்க இடம் குறைவு என்பது உண்மை. ஆனால் இருக்கிற தண்ணீர் லேசில் வெளியே வராது. கைப்பருமன் கிளிசரியா வெயிலில் சில கிழமைகளில் காய்ந்துவிடும். பாலைக் கட்டையைக் கொத்திப் பிளக்காமல் அடுக்கினால் ஒரு வருடம் போனாலும் நடுவில் ஈரம் நிற்கும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 5 லீற்றர் தண்ணீரை 30 பாகையிலிருந்து கொதிக்க வைக்க ஏறக்குறைய 1.5 மெகாஜூல் தேவை. மூன்று கல் அடுப்பில் வெப்பத்தின் பெரும் பங்கு பானைக்குப் போகாமல் வெளியில் போய்விடும். பானைக்குப் போவது 15 வீதம் எண்டு தாராளமாகவே வைப்போம். காய்ந்த கிளிசரியா என்றால் 650 கிராம் அளவு போதும். அரைகுறையாய்க் காய்ந்த பாலை என்றால் 900 கிராம் அளவு வேணும். பெயர் பெற்ற விறகு தோற்றுவிட்டது, அதுவும் வேலியில் வெட்டின தடியிடம்.

ஆகவே விறகைப் பார்த்து வாங்குகிறவர்கள் மரத்தின் பெயரைக் கேட்பதோடு நிற்கக் கூடாது. இரண்டு துண்டை ஒன்றோடொன்று தட்டிப் பாருங்கோ. காய்ந்தது 'டங்' எண்டு கேட்கும், ஈரம் உள்ளது மந்தமாய்க் கேட்கும். வெட்டுமுகத்தில் வெடிப்பு இருக்கா, பட்டை தானாகக் கழருதா என்று பாருங்கோ. சந்தேகம் இருந்தால் ஒரு துண்டை நிறுத்து, இரண்டு கிழமை வெயிலில் வைத்து, திரும்ப நிறுங்கோ. நிறை கனக்கக் குறைந்தால் நீங்கள் தண்ணிக்குக் காசு குடுத்திருக்கிறியள்.

இதில் இன்னொரு ஆளும் இருக்கிறார்: அடுப்படியில் நிற்கிறவர். எங்கட வீடுகளில் அது பெரும்பாலும் அம்மா, அம்மம்மா, அக்கா. 'பாலைதான் திறம்' என்று வெளியில் இருந்து தீர்ப்புச் சொல்லுறது பெரும்பாலும் ஆம்பிளையள். அந்தக் கட்டையைக் கொத்த முடியாமல் பருமனாகவே அடுப்புக்குள் வைத்து, பிடிக்கவில்லை எண்டு ஊதி ஊதிப் புகை குடிக்கிறது அவை. வீட்டுக்குள் வரும் புகையால் 2020 இல் உலகத்தில் 32 இலட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. ஒரு விறகு நல்லதா என்று அளக்கும்போது அது எவ்வளவு புகைக்குது, அதைக் கொத்த எவ்வளவு பலம் வேணும் என்பதையும் கணக்கில் சேர்க்காவிட்டால் அந்த அளவீடு அரைகுறை. காலையில் புட்டு அவித்து ஒரு தேத்தண்ணி வைக்கிற வீட்டுக்கு இரண்டு மணித்தியாலம் கிடக்கும் தணல் எதற்கு? சமையல் முடிந்த பிறகு எரிகிற தணல் வீண்.

கடைசியாக, மரம். பாலை மிக மெதுவாக வளர்வது. ஒரு கட்டை தரும் தணலுக்குப் பின்னால் பல பத்து வருட வளர்ச்சி இருக்கு. பாலைப்பழக் காலத்தில் வில்பத்துப் பக்கம் கரடிகள் பாலை மரத்தடிக்கு வருவது எல்லாருக்கும் தெரிந்தது. அதே பழத்தை வாயெல்லாம் பால் ஒட்ட ஒட்டத் தின்று வளர்ந்த ஆக்கள்தான் நாங்களும். அரச காட்டுக்குள் அனுமதி இல்லாமல் மரம் தறிப்பது 1907 ஆம் ஆண்டின் 16 ஆம் இலக்க வனக் கட்டளைச் சட்டப்படி குற்றம். ஆனால் சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். ஒரு பானை சோத்துக்கு அந்த மரம் தேவையே இல்லை என்பதுதான் எங்கட வாதம்.

தேவையானது எங்கட வளவுக்குள்ளேயே கிடக்கு. பனைமட்டை, கொக்காரை, தென்னம்பாளை, சிரட்டை, ஊமல். வேலியில் நிற்கிற கிளிசரியா வெட்ட வெட்டத் தழைக்கும். 2005 இல் இலங்கை அரசு அதைத் தேயிலை, இறப்பர், தெங்குக்கு அடுத்த நாலாவது பெருந்தோட்டப் பயிராக அறிவித்ததற்கு அதன் விறகும் ஒரு காரணம். அதோடு ஒரு நல்ல அடுப்பு. அனகி போன்ற இரண்டு பானைக் களிமண் அடுப்பு, மூன்று கல் அடுப்பை விடக் குறைந்த விறகில் அதே சமையலை முடிக்கும். மரத்தை மாற்றி மிச்சம் பிடிப்பதை விட, காயவைத்தும் அடுப்பை மாற்றியும் மிச்சம் பிடிப்பது கூட.

புயலில் விழுந்த பாலை, பழைய வீட்டு வளை, பட்டுப்போன கொப்பு கிடைத்தால் தாராளமாக எரியுங்கோ. போறணைக்கும் நெல் அவிக்கவும் வைத்திருங்கோ. பச்சை மரத்தைத் தறித்து லோட் ஏற்றுகிறவரிடம் மட்டும் வாங்காதேங்கோ. வாங்க ஆள் இருக்கும் வரைக்கும்தான் அந்த லோட் வரும். அடுத்த முறை ஆராவது "பாலை எண்டா பாலைதான்" எண்டு தொடங்கினால், "காய்ஞ்சதோ? ஆர் கொத்துறது?" எண்டு திருப்பிக் கேளுங்கோ.