பெற்றோர் கவனத்திற்கு

ஒன்பதாம் வகுப்பு 'ஆ' பிரிவின் பெற்றோர் குழுவில் என்னையும் சேர்த்துவிட்டார்கள். மகளும் மாப்பிள்ளையும் ஓசூருக்கு மாற்றலாகிப் போனபின் பேரன் எங்களோடு இருப்பது இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும். பள்ளிப் பதிவேட்டில் நான் 'கார்டியன்'. அந்தப் பதவிக்கு வாட்ஸ்அப்பில் உள்ள ஒரே அதிகாரம், வகுப்பு மிஸ் ஏதாவது தகவல் போட்டதும் கைகூப்பும் பொம்மையை அமுக்குவது. எல்லாரும் அமுக்குகிறார்கள். ஒருவர் விட்டுப்போனால் மிஸ் மனத்தில் குறித்துவைத்துக்கொள்வார் என்ற பயம். தகவல் ஒன்று, கும்பிடு நாற்பது.

தகவல்களைக் குறைசொல்ல ஒன்றுமில்லை. இரண்டாம் தவணைக் கட்டணத்துக்குக் கடைசி நாள். ஆதார் நகல், அதில் கையெழுத்து. கடைமுழுக்குக்கு உள்ளூர் விடுமுறை, அதை ஈடுகட்ட ஒரு சனிக்கிழமை பள்ளி உண்டு. மழைக்காலமாதலால் குடையில் பெயர் எழுதி அனுப்பவும். நடுவில் ஒரு தகப்பனார் இரவு பத்தரைக்கு "மேம், நாளைக்கு மேத்ஸ் போர்ஷன் என்ன?" என்று கேட்பார். பையன் பக்கத்து அறையில்தான் படுத்திருப்பான். அவனைக் கேட்கலாம் என்று அவருக்குத் தோன்றுவதில்லை. இன்னொரு அம்மா நாட்டுச் சர்க்கரை கிலோ என்ன விலை என்று போட்டுவிட்டு அட்மினிடம் திட்டு வாங்குவார். அவரைப் பார்த்தால்தான் எனக்குக் கொஞ்சம் ஆறுதல், குழுவில் மனுஷ வாடை அடிப்பது அப்போதுதான்.

இந்த வாரம் என்னைக் கிளப்பிவிட்டது வேறு. இனிமேல் வகுப்புத் தேர்வு மதிப்பெண்கள் அன்றன்று சாயங்காலத்துக்குள் குழுவிலேயே பட்டியலாக வருமாம். வந்தும்விட்டது. மாணவர் பெயர், மொத்தம் 25, வாங்கியது எவ்வளவு. ரேங்க் போடவில்லை என்று பள்ளி பெருமையாகச் சொல்லிக்கொண்டது. உண்மைதான், ரேங்க் போடவில்லை. அதிகம் வாங்கியவரில் தொடங்கிக் குறைந்தவரில் முடித்திருந்தார்கள். பொதுத் தேர்வில் மாநில முதலிடம், இரண்டாமிடம் என்று அறிவிக்கும் வழக்கத்தை அரசு 2017-இல் விட்டொழித்தது. ஒன்பதாம் வகுப்பின் இயற்பியல் கிளாஸ் டெஸ்ட்டுக்கு அது இன்னும் வந்து சேரவில்லை.

நாலே காலுக்கு ஓசூரிலிருந்து போன். "அப்பா, சயின்ஸ்ல பதினொண்ணுதாம்ப்பா. பாத்தீங்களா?" பார்த்தேன். பாட்டியும் பார்த்தாள். பெங்களூரில் இருக்கும் சித்தப்பாவும் பார்த்திருப்பார், எங்கள் குடும்பக் குழுவில் மகள் அனுப்பியிருப்பாள். பார்க்காத ஒரே ஆள் பையன்தான், அவன் சைக்கிளில் வந்துகொண்டிருந்தான்.

ஐந்து மணிக்கு வந்தான். சாதாரணமாக அவன் வரும்போதே கதை வரும். செருப்பைக் கழற்றுவதற்குள் பி.டி. சார் விசிலைத் தொலைத்த கதையில் பாதி முடிந்திருக்கும், மீதி தோசைக்கு நடுவில். பொய்யும் கொஞ்சம் கலக்கும், கலக்கட்டும். அன்றைக்கு வாசற்படியில் நின்று எங்கள் முகத்தைப் பார்த்தான். பாட்டி தட்டில் வாழைக்காய் பஜ்ஜியை வைத்த விதத்தைப் பார்த்தான். "வந்துடுச்சா?" என்றான். கைகால் கழுவப் போய்விட்டான். அன்றைக்குக் கதை இல்லை. மறுநாளும் இல்லை.

பதினொன்று வாங்கியது எனக்குக் கவலையே இல்லை. அந்தப் பதினொன்றை எங்களிடம் எப்படிச் சொல்வது என்று சைக்கிள் மிதித்தபடி அவன் ஒரு வசனம் தயார் செய்திருப்பானே, அது என்ன என்பதுதான் உறுத்துகிறது. "கேள்வி சிலபஸ்லயே இல்ல தாத்தா" என்றா? "பத்துக்கு மேல எடுத்தது பாதிப் பேருதான்" என்றா? அவன் சொல்ல வேண்டிய செய்தியை அவனுக்கு முன்னால் வேறொருவர் சொல்லிவிட்டார்கள்.

எங்கள் காலத்தில் பள்ளிச் செய்தியைக் கொண்டுவரும் தபால்காரன் பிள்ளைதான். ரேங்க் கார்டு நம் பைக்குள் இருக்கும். அதை எப்போது வெளியே எடுப்பது என்பது ஒரு தனி சாஸ்திரம். குறுவை அறுத்துக் களத்தில் நெல் குவிந்த சாயங்காலம் அப்பா கையெழுத்துக்கு உத்தமம். ஆற்றில் தண்ணீர் வரவில்லை என்று பேசிக்கொண்டிருக்கும் வாரத்தில் கார்டை எடுத்தவன் தொலைந்தான். அம்மாவிடம் முதலில் காட்டி அம்மா வழியாகப் போவதா, நேரே போவதா? இந்த ராஜதந்திரம் எந்தப் பாடத்திட்டத்திலும் கிடையாது. கையெழுத்தைத் தாங்களே போட்டுக்கொண்டவர்களும் உண்டு. அவர்களில் ஒருவர் பிற்பாடு பத்திரப்பதிவுத் துறையில் நல்ல பேர் வாங்கி ஓய்வு பெற்றார். எஸ்.எஸ்.எல்.சி. முடிவு மட்டும் பிள்ளையைத் தாண்டி வந்தது, மாலைப் பத்திரிகையில் எண் வடிவத்தில். அதிலும் எண் யாருடையது என்பது நமக்கும் வீட்டுக்கும்தான் தெரியும்.

உண்மையில் இந்த வாரம் பதினோராம் வகுப்பைப் பற்றி எழுதுவதாக இருந்தேன். 2017-18-இல் கொண்டுவந்த பிளஸ் ஒன் பொதுத் தேர்வை, 2025 ஆகஸ்ட் 8-ஆம் தேதி மாநிலக் கல்விக் கொள்கை வெளியானதை ஒட்டி, 2025-26 முதல் எடுத்துவிட்டார்கள். அதற்குமுன் பல பள்ளிகளில் பதினோராம் வகுப்பை நடத்தாமலே தாண்டினார்கள், அந்தக் காலம் திரும்புமா என்று தெருவில் நாலு பேர் கேட்டார்கள். நியாயமான கேள்வி, இன்னொரு வாரம் பார்க்கலாம். எனக்கு இப்போது உ.வே.சா. ஞாபகம் வந்துவிட்டது. வந்தால் போகமாட்டார், உங்களுக்குத் தெரியும். ('மறுபடியுமா' என்று ஒரு வாசகர் கார்டு போடுவார். போடட்டும், இந்த ஊரில் கார்டு போட மிச்சமிருப்பவர் அவர் ஒருவர்தான்.)

அதற்குமுன் ஒரு சின்னச் சுற்று. நம் மாவட்டத்துப் பள்ளிச் செய்திகள் முதன்முதலில் அச்சேறிப் போனது பெற்றோருக்கு இல்லை. 1706-இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு மறு வருஷமே பள்ளிக்கூடம் தொடங்கினார், பெண்பிள்ளைகளுக்கும் சேர்த்து. அங்கிருந்து போன கடிதங்களை 1710-லிருந்து ஜெர்மனியில் ஹாலே நகரத்தில் புத்தகமாக அச்சிட்டார்கள். படித்தவர்கள் காசு கொடுத்த புண்ணியவான்கள். தங்கள் பிள்ளையைப் பற்றிக் கண்காணாத தேசத்தில் யாரோ படித்துக்கொண்டிருந்தது தரங்கம்பாடித் தாய்க்குத் தெரிந்திருக்க வழியில்லை. இப்போது பள்ளிகள் விழா எடுத்தால் முதலில் முகநூலுக்குப் படம் போகிறது, பிறகுதான் நமக்கு. முந்நூறு வருஷப் பழக்கம்.

சரி, மாயூரம், 1871. வேங்கடசுப்பையர் தன் பதினேழு வயதுப் பிள்ளையை அழைத்துக்கொண்டு மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையைப் பார்க்க வருகிறார். தகப்பனார் கனம் கிருஷ்ணையரின் சீடர், ஊர் ஊராகப் பாடிக் கதைசொல்லிக் குடும்பம் நடத்துபவர். பையனுக்குத் தமிழ்ப்பித்து. பையனைப் பாடச் சொல்கிறார் பிள்ளையவர்கள், நைடதத்தில் ஒரு செய்யுள். அப்புறம் நடக்கும் பேச்சை 'என் சரித்திர'த்தில் எத்தனை முறை படித்தாலும் எனக்குச் சலிக்காது. படிக்க வருகிறவர்கள் சில காலம் இருந்துவிட்டுச் சொல்லாமலே போய்விடுகிறார்களே என்பது ஆசிரியரின் குறை. இந்த ஊரில் இவருக்குச் சாப்பாட்டு வசதி செய்துதர என்னால் ஆகாதே என்பது அவர் கவலை. தகப்பனாரோ, எப்படியாவது பணம் அனுப்பிவிடுகிறேன், இவனை உங்களிடம் ஒப்படைத்தேன் என்கிறார். கையில் அப்போது அவருக்குப் பணம் கிடையாது. பெற்றோர் ஆசிரியர் சந்திப்பு என்றால் அது. பாடத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை, எல்லாம் சோற்றையும் நம்பிக்கையையும் பற்றி.

சேர்ந்தாயிற்று. வேங்கடராமன் என்ற பெயர் ஆசிரியருக்குப் பிடிக்கவில்லை, வேறு பெயர் உண்டா என்கிறார். வீட்டில் கூப்பிடும் சாமிநாதன் நிலைத்துவிட்டது. இன்றைக்காக இருந்தால் ஆதாரில் வேங்கடராமன், பள்ளியின் எமிஸ் பதிவில் சாமிநாதன் என்று குழுவில் மூன்று நாள் அல்லோலகல்லோலம்.

இதற்கடுத்தாற்போல் ஒரு சங்கடம். பிள்ளையவர்கள் நேரே பாடம் சொல்லவில்லை. மூத்த மாணவர் சவேரிநாத பிள்ளையிடம் படிக்கச் சொல்லிவிட்டார். இத்தனை தூரம் வந்து, இத்தனை கஷ்டப்பட்டு, மகாவித்துவான் வாயால் ஒரு செய்யுள் கேட்கவில்லையே என்று பையனுக்கு உள்ளே குமைகிறது. இன்றைய பெற்றோர் என்ன செய்வோம்? "சார், என் பையன்மேல கொஞ்சம் தனி கவனம்" என்று குரல்பதிவு அனுப்புவோம், அரை மணிக்குள்.

சாமிநாதன் வேறு வழி கண்டுபிடித்தார். ஆசிரியர் புதிதாக ஒரு வீடு வாங்கிப் பின்கட்டில் தோட்டம் போட்டிருந்தார். மரம் செடிகளை வேரோடு கொண்டுவந்து வைத்தார். காலையில் எழுந்ததும் எது தளிர்த்தது, எது தளிர்க்கவில்லை என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பார். ஒரு தளிரைக் கண்டுவிட்டால் அவருக்கு அன்றைக்குத் தீபாவளி. பையன் இதைக் கவனித்தார். அவருக்கு முன்னால் எழுந்து, இருட்டுப் பிரிவதற்குள் தோட்டத்தில் புகுந்து, கிளை கிளையாகத் தேடி எங்கே புதுத்தளிர் விட்டிருக்கிறது என்று பார்த்துவைத்துக்கொண்டார். ஆசிரியர் வந்ததும், இதோ இங்கே, அதோ அங்கே என்று காட்டினார். பிள்ளையவர்களுக்கு மகிழ்ச்சி. தினமும் காலையில் யார் இவன், நமக்கு முன்னால் தளிர் பார்க்கிறவன் என்று அன்பு சுரந்தது. அந்த நேரம் பார்த்து, ஐயாவிடமே பாடம் கேட்க வேண்டும் என்று விண்ணப்பம் வைத்தார். கிடைத்தது. 'தளிர் ஆராய்ச்சி' என்று அந்த அத்தியாயத்துக்குத் தலைப்பே வைத்திருக்கிறார் கிழவர், எண்பதைத் தாண்டிய வயதில், எழுதும்போது சிரித்திருப்பார். 1940-இல் அதை விகடனில் தொடராகப் போட்டபோது அங்கே ஆசிரியராக இருந்த கல்கி நம் புத்தமங்கலத்துக்காரர். மாயவரம் தோட்டம் என்றதும் அவருக்கும் காது நீண்டிருக்கும்.

இதில் தகப்பனாருக்கு எந்த வேலையும் இல்லை. யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, சிபாரிசு இல்லை. பையனுக்கு ஒரு பிரச்சினை இருந்தது, அதைப் பற்றி வீட்டில் யாரும் கூட்டம் போட்டுப் பேசவில்லை, அதனால் தோட்டம் கண்ணில் பட்டது.

இன்னொன்றும் உண்டு, இதைவிடச் சிக்கல். நந்தனார் சரித்திரக் கீர்த்தனை எழுதிய கோபாலகிருஷ்ண பாரதியார் அப்போது மாயூரம் வந்து தங்குவார். அவரிடம் பிள்ளை சங்கீதமும் கற்க வேண்டும் என்று வேங்கடசுப்பையருக்கு ஆசை. இருக்காதா, பாட்டுதான் அந்தக் குடும்பத்தின் சொத்து. பையன் போய்க் கற்கிறார், ஆசிரியருக்குத் தெரியாமல். ஒரு நாள் பாரதியார் வாயாலேயே விஷயம் பிள்ளையவர்கள் காதுக்குப் போய்விடுகிறது. அவர் கூப்பிட்டுக் கேட்கிறார். சங்கீதத்தில் மனம் போனால் இலக்கண இலக்கியத்தில் ஆழ்ந்து போகாது என்பது அவர் கட்சி. கட்சி சரியா தப்பா என்று நான் வாதாட வரவில்லை (தப்பு). ஒரு பக்கம் அப்பா, ஒரு பக்கம் ஆசிரியர், நடுவில் பதினேழு வயது. பையன் தானே முடிவெடுத்துச் சங்கீதத்தை நிறுத்திக்கொண்டார்.

அன்றைக்கு ஒரு குழு இருந்திருந்தால்? பாட்டு வகுப்புக்கு வரவில்லை என்று பாரதியார் சாயங்காலமே போட்டிருப்பார். வேங்கடசுப்பையர் எந்த ஊர்த் திண்ணையிலிருந்தாலும் அடுத்த வண்டியில் ஏறியிருப்பார். பெரியவர்கள் மூவரும் கலந்துபேசி, சனி ஞாயிறு சங்கீதம், மற்ற நாளில் தமிழ் என்று சமரசமாகியிருப்பார்கள். எல்லாருக்கும் திருப்தி, பையனைத் தவிர. 1887-இல் சீவக சிந்தாமணி அச்சேறியதற்கும் இதற்கும் நேர் சம்பந்தம் உண்டென்று பொதுவில் சொல்லமாட்டேன். சொந்த அபிப்பிராயம் ஒன்று இருக்கிறது, அதை வைத்துக்கொள்கிறேன்.

இத்தனையையும் மகளிடம் போனில் சொன்னேன். சுருக்கித்தான் சொன்னேன். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சிறுத்தை வந்தப்ப என்னப்பா பண்ணீங்க?" என்றாள்.

அது சரியான அடி. 2024 ஏப்ரல் தொடக்கத்தில் செம்மங்குளம் பக்கம் தெருவில் சிறுத்தை நடந்துபோனது கேமராவில் பதிவானதும் ஊரே கதவைச் சாத்திக்கொண்டது. சில பள்ளிகளுக்கு விடுமுறை விட்டார்கள். அது குத்தாலம் பக்கம் போய்விட்டது என்று கேள்விப்படும்வரை குழுத் தகவலைத்தான் நிமிஷத்துக்கொரு தரம் திறந்து பார்த்தேன். 2022 நவம்பரில் சீர்காழியில் ஒரே நாளில் 44 சென்டிமீட்டர் கொட்டியபோதும் பள்ளி உண்டா இல்லையா என்று தவித்தவர்கள் இந்த மாவட்டம் முழுக்க. பதினோரு மார்க்கைத் தெரிந்துகொள்வதற்கும் சிறுத்தையைத் தெரிந்துகொள்வதற்கும் ஒரே கருவி, அவள் வாதம் அதுதான். ஆசிரியர்கள் பக்கமும் ஒரு நியாயம் உண்டு. பட்டியல் போடாவிட்டால் ஆளுக்கொரு போன் வரும், எமிஸில் வருகை ஏற்றவே நேரம் போதாத மிஸ் நாற்பது போனுக்குப் பதில் சொல்லவா?

கல்வி உரிமைச் சட்டத்தின்படி அரசுப் பள்ளிகளில் பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறது. முக்கால்வாசிப் பேர் பெற்றோர், பாதிக்குக் குறையாமல் பெண்கள். எழுந்து கேட்க அங்கே இடமுண்டு. பேரன் படிப்பது தனியார் பள்ளி, அங்கே பெற்றோர் கூட்டம் என்றால் வரிசையில் நின்று கையெழுத்துப் போட்டுவிட்டு வருவதுதான். இந்த முறை கையெழுத்தோடு நிறுத்தப்போவதில்லை. மழை, சிறுத்தை, கட்டணம், மூன்றும் குழுவில் வரட்டும். மார்க்கை மட்டும் பிள்ளைகளிடமே கொடுத்தனுப்புங்கள், ஒரு வாரம் தாமதமானாலும் பரவாயில்லை என்று மிஸ்ஸிடம் கேட்கப்போகிறேன். பேரனிடம் இதைச் சொன்னபோது அவன் பதறிப்போனான்.

"தாத்தா, தயவுசெஞ்சு கூட்டத்துல எதுவும் பேசாதீங்க. அடுத்த நிமிஷமே குரூப்புல வந்துடும்."